பிழை வகைகளை ரசிப்பது எப்படி?

குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உருவான அனுசாட் செயற்கைக்கோள், 2009 ஏப்ரல் 20 அன்று பிஎஸ்எல்வி-சி12 ராக்கெட்டில் விண்ணுக்குப் போனது. எடை 40 கிலோ. செய்தியை வாங்கிச் சேமித்து வைத்து, பிறகு இன்னோரிடத்துக்கு அனுப்புவது அதன் வேலை. இப்படித் தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் ஒருமுறை கடந்து போகையில் தரைநிலையத்துக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். வந்த பைட்டுகளைப் பிரித்துப் படிக்கும் மென்பொருள் லைப்ரரி ‘படிக்க முடியவில்லை’ என்று மட்டும் சொன்னால் பயனில்லை. செயற்கைக்கோள் அடிவானத்தில் மறைந்து செய்தி பாதியில் நின்றிருந்தால், மீதிக்கு அடுத்த சுற்றுவரை காத்திருக்கலாம். தரவு சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்ணான செக்சம் பொருந்தாவிட்டால் அந்த பாக்கெட்டை மறுபடி கேட்க வேண்டும். அறியாத பதிப்பு எண் வந்தால், பைட்டுகளைப் பத்திரப்படுத்திவிட்டு மென்பொருளைத்தான் புதுப்பிக்க வேண்டும். அடுத்து செய்ய வேண்டியது எது என்று பிழையின் வகையே காட்டிக்கொடுக்கிறதா? ஒரு லைப்ரரியை ரசிக்க இந்தக் கேள்விதான் உரைகல்.

ரஸ்ட் நிரல்மொழியில் இதற்கு அருமையான சான்று உண்டு. ‘தாம்பரம்’ என்பதன் தொடக்கத்தில் உள்ள ‘த’, எழுத்துகளை பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் 224, 174, 164 என்ற மூன்று பைட்டுகள். முதல் இரண்டு மட்டும் வந்தால் ரஸ்ட் தரும் பிழை, எதுவரை சரி என்பதைச் சொல்கிறது. கெட்ட பகுதியின் நீளத்தை வெறுமையாக விடுகிறது. தரவு இன்னும் முடியவில்லை என்று அதற்குப் பொருள். 224-க்கு அடுத்து 65 வந்தாலோ நீளம் 1 என்கிறது. இனி எவ்வளவு காத்திருந்தாலும் அது எழுத்தாகாது. குறைவு வேறு, கேடு வேறு என்ற இந்தப் பாகுபாட்டால், படிக்கும் நிரல் முதல் இரண்டு பைட்டுகளை வீசாமல் வைத்திருந்து அடுத்த துண்டோடு சேர்க்கிறது. எழுத்து பிழைக்கிறது.

பிழையை விளக்கும் தெளிவான வாக்கியம் ஒன்று போதாதா என்று கேட்கலாம். மனிதருக்குப் போதும், நிரலுக்குப் போதாது. பைத்தான் மொழி தரும் பிழை, கெட்ட இடத்தை எண்ணாகத் தருகிறது. ஆனால் குறைவா கேடா என்பதைக் காரண வாக்கியத்தில் மட்டுமே சொல்கிறது. வாக்கியத்தைப் பார்த்து முடிவெடுக்கும் நிரல், அதன் சொற்கள் மாறும் நாளில் தடுமாறும். வகைகள் பெருகினால் பழைய நிரல்கள் உடையுமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதற்காகவே ரஸ்ட், உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழைகளின் பட்டியல் வளரக்கூடியது என்று முன்பே அறிவித்து, அறியாத வகைக்கும் ஒரு வழி எழுதச் சொல்கிறது. அதைவிட முக்கியம் அளவு: செயல் மாறினால்தான் புதிய வகை. எத்தனையாவது பைட், எந்தப் புலம் போன்ற விவரங்கள் வகைக்குள்ளேயே இருக்கட்டும்.

ஆகவே ஒரு லைப்ரரியின் ஆவணத்தைத் திறந்ததும் பிழைப் பட்டியலுக்குப் போங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்ய வேண்டியதை எழுதுங்கள். இரண்டுக்கு ஒரே பதில் வந்தால் அங்கே மிகை. ஒன்றுக்கே இரண்டு பதில் வந்தால் அங்கே குறை. இரண்டும் இல்லாத பட்டியலைக் கண்டால், தரவு எங்கெல்லாம் சிதையும் என்று முன்பே யோசித்த ஒருவரின் அக்கறையைத்தான் நீங்கள் வாசிக்கிறீர்கள்.