தொமியோகாவில் காக்கப்பட்டவையும் காக்க வேண்டியவையும்

ஓர் ஆலை தன் தொழிலை நிறுத்திப் புராதனச் சின்னமாக மாறும்போது, அதன் எந்தப் பருவத்தைக் காப்பது, எதைக் கைவிடுவது என்பதே தலையாய பிரச்சினையாகிறது. தொடங்கிய நாளில் இருந்த உருவத்தை மீட்பதே உத்தமம் என்று கருதுவோர் உண்டு. ஆயினும், நூறாண்டுக்கு மேல் உழைத்த ஆலையின் சரித்திரம் அதன் முதல் நாளோடு முடிந்துவிடுவதில்லை என்பதை, ஜப்பானின் குன்மா மாநிலத்திலுள்ள தொமியோகாப் பட்டு நூற்பாலை தெளிவாக உணர்த்துகிறது.

பிரெஞ்சு நிபுணர் பால் புருனாவின் ஆலோசனைப்படி 1872-இல் மெய்ஜி அரசாங்கம் நிறுவிய இவ்வாலையில், மரச்சட்டங்களுக்கிடையே செங்கல் அடுக்கி, ஜப்பானிய ஓடு வேய்ந்து, நடுவே தூணின்றிச் சுமார் 140 மீட்டர் நீளத்துக்கு எழுப்பிய நூற்புக்கூடமும், அதனுள் பட்டுக்கூடுகளிலிருந்து நூலெடுக்கும் 300 தொட்டிகளும் அமைந்திருந்தன. அத்தொட்டிகள் பின்னர் அகற்றப்பட்டன; ஆனால் தூணற்ற விசாலமான கூடம், பிற்காலத்துப் புதிய யந்திரங்களுக்கும் இடையூறின்றி இடங்கொடுத்தமையால், இடிபடாமல் நிலைத்தது. 1893-இல் தனியார் கைக்கு மாறிப் பின்னர் கதகுரா நிறுவனத்தை வந்தடைந்த ஆலை 1987-இல் மூடப்பட்டபோது, விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று உறுதிபூண்ட அந்நிறுவனம், 2005-இல் நகராட்சியிடம் ஒப்படைக்கும் வரையில் அதைத் தன் செலவிலேயே பராமரித்தது பாராட்டுக்குரியது.

2014-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான பின்பும், 1872-ஆம் ஆண்டின் காட்சியைப் போலியாகப் படைக்கும் ஆசைக்கு இடங்கொடாமல், இறுதிக் காலத்துத் தானியங்கி யந்திரங்களைப் பெயர்த்தெறியாமல் கூடத்திலேயே நிறுத்திவைத்தது இப்பாதுகாப்பு முறையின் பெருங்குணம். ஏனெனில், பிரதி யந்திரம் எவ்வளவு நேர்த்தியாயினும் அது சாட்சியாகாது. பட்டுக்கூடுகளைச் சேமித்த மேற்குக் கிடங்கினுள், பழைய சுவர்கள் மறையாதபடி கண்ணாடி அறையை அமைத்து 2020-இல் திறந்ததும் அதே விவேகத்தின் விளைவே.

எனினும், இம்முறையில் ஒரு குறையும் உண்டு. தேசியப் பொக்கிஷமென்னும் கௌரவம் நூற்புக்கூடத்துக்கும் கூடு சேமித்த இரு கிடங்குகளுக்கும் வாய்த்திருக்க, அசைவற்று நிற்கும் யந்திரங்களோ, கொதிநீரின் ஆவியையும் கூட்டுப்புழுவின் நாற்றத்தையும், அறுந்த இழையைக் கண்ணிமைப்பொழுதில் கண்டுபிடித்த விரல்களின் சாமர்த்தியத்தையும் எடுத்துரைக்கும் ஆற்றலற்றவையாய் இருக்கின்றன. அவற்றைச் சொல்லத் தொழிலாளரின் குரலே வேண்டும். 1873-இல் இங்கே வேலைக்குச் சேர்ந்த சாமுராய்க் குலத்துப் பெண்ணான வாதா எய், தம் அனுபவங்களைப் பிற்காலத்தில் எழுதிவைத்தார். அவருடைய கீர்த்தி நியாயமானதே. ஆனால், ஆரம்ப நாட்களின் பெருமிதம் நிறைந்த அந்த ஒரு குரலைக் கொண்டே, பின்வந்த தலைமுறைப் பெண்களின் வாழ்வையும் அளந்துவிடுவது தர்மமாகாது.

ஆகவே, காக்கத்தக்கதைத் தேர்ந்தெடுக்கும்போது வயதையும் அழகையும் மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், கூடு வந்திறங்கியது முதல் உலர்த்தி, சேமித்து, வேகவைத்து, நூலாக்கி அனுப்பியது வரையிலான தொழிற்கிரமத்தில் எந்தக் கண்ணி எங்கே இருந்தது என்பதை முதலில் ஆராய வேண்டும். அக்கிரமத்தை விளக்கும் சாதாரணக் கொட்டகையைக் கூட, அலங்காரமான மாளிகைக்கு நிகராக மதிக்க வேண்டும். கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பின்வரும் தலைமுறைகளுக்கும் அவகாசம் உண்டு. தொழிலாளரின் கைத்தேர்ச்சியைப் பதிவுசெய்யவோ, அவர்கள் உயிரோடிருக்கும் காலம் மட்டுமே உண்டு. ஆதலால், ஓர் ஆலை மூடப்பட்ட மறுநாளே செய்யத்தக்க முதற்பணியும், நிதியில் முதற்பங்கும் அந்தப் பதிவுக்கே உரியவை.