முதல் சுற்றின் அடக்கம்

சங்கரன்கோவில்–ராஜபாளையம் சாலையோரம், பால்வண்ணநாதர் கோயில் கோபுரம் இருட்டிலிருந்து பிரிந்து தெரியத் தொடங்கும் நேரத்தில், கரிவலம்வந்தநல்லூர்ப் பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். தென் மாவட்டக் கிராமங்கள் பலவற்றைப் போல இங்கேயும் ஓட்டம் தொடங்குவது போலீஸ் வேலைக்காகத்தான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும்.

400 மீட்டர் மைதானத்தில் அது மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 112 விநாடி. புதிதாக வந்தவன் முதல் சுற்றை 85 விநாடியில் பறந்து முடிப்பான். மூன்றாவது சுற்றில் இடுப்பில் கைவைத்து நடப்பான். தேறியவனின் முதல் சுற்றோ, இவன் ஓட வந்தவன்தானா என்று கேட்கத் தோன்றும் அளவுக்கு மந்தமாக இருக்கும். சின்னப் பையன்கள்கூட அவனைத் தாண்டிப் போவார்கள், அவன் விட்டுவிடுவான். கால் துடிக்கும்போது அடக்கி வைக்கிற அந்த முதல் சுற்றுத்தான் எனக்கு ஓட்டக்கலையின் அழகெல்லாம் கூடி நிற்கிற இடம். 112, 111, 112 என்று ஒரே அளவில் வருகிற சுற்றுகளை நான் ரசித்துப் பார்ப்பேன்.

கண்ணை மூடிக்கொண்டாலும் தேர்ச்சி கேட்கும். புதியவனின் பாதம் முழங்காலுக்கு வெகு முன்னால் போய்க் குதிகாலில் விழும். ஒவ்வொரு அடியும் ‘தொம், தொம்’ என்று தரையை இடிக்கும். சில மாதங்களில் அடி குறுகி, பாதம் இடுப்புக்குக் கீழேயே இறங்கப் பழகுகிறது. ‘சரக், சரக்’ என்று மண் உரசும் சத்தம் மட்டும் மிஞ்சும். இறுக்கிய முஷ்டி தளர்கிறது, காதோரம் ஏறி நின்ற தோள் இறங்குகிறது. இதையெல்லாம் யாரும் அவனுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அலுத்துப்போன உடம்பு வீண்செலவை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

உள்ளே நடப்பதோ இன்னும் நுட்பம். தொடங்கிய சில வாரங்களுக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தம் அதிகமாகிறது. அதே வேகத்துக்குக் குறைந்த துடிப்பே போதும். தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கிளைவிட மேலும் சில மாதங்கள் ஆகும். தசைநாணும் எலும்பும் உறுதிப்படுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். மூச்சு தயாராகி, கால் தயாராகாத அந்த இடைவெளியில்தான் பலருக்குக் கெண்டைக்கால் முன்னெலும்பு வலிக்கத் தொடங்குகிறது. அப்போது தணிந்து ஓடத் தெரிந்தவன் பிழைத்தான். “அண்ணாச்சி, இன்னைக்குக் கடைசிச் சுத்துலயும் பேச முடிஞ்சுது” என்று ஒரு பையன் சொன்னபோது, அவன் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அவனிடம் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து காற்று அடிக்கும். மேற்கு நோக்கி ஓடினால் நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். முதல் வருடக்காரன் காற்றோடு மல்லுக்கு நிற்பான். பழகியவன் உடம்பைச் சற்றே முன்சாய்த்து, நேரத்தை விட்டுக்கொடுத்து, மூச்சின் தாளத்தை மட்டும் காப்பாற்றுவான். திரும்பி வரும்போது காற்று அந்தக் கடனைக் கொஞ்சம் அடைக்கும், முழுவதும் அடைக்காது.

சுற்றுக்குச் சுற்று மாறாத அந்தச் சமநடைதான் உச்சத்திலும் ஆள்கிறது. 2019இல் வியன்னாவில் மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் கடந்தபோது, ஒவ்வொரு கிலோமீட்டரும் 2 நிமிடம் 50 விநாடியை ஒட்டியே அமைந்தது. முன்பின்னாக ஓரிரு விநாடிதான் வித்தியாசம். பந்தய விதிகளுக்கு வெளியே, வேகம் காட்ட ஆட்கள் சூழ ஓடிய ஓட்டம் என்பதால் அது உலக சாதனைக் கணக்கில் சேரவில்லை. அந்தச் சீர்மையின் அழகு அதனால் குறைந்துவிடவில்லை.

வேலை கிடைத்தவுடனும், வயது வரம்பு தாண்டியவுடனும் பலர் ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். “இனி எதுக்கு ஓடணும்?” என்பவர்களிடம் நான் பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங்கைச் சொல்வேன். 2000இல், 89 வயதில், லண்டனில் அவருடைய முதல் மாரத்தான்: 6 மணி 54 நிமிடம். 2003இல், 92 வயதில், டொராண்டோவில்: 5 மணி 40 நிமிடம். தொண்ணூறைக் கடந்த கால்கள் மூன்றே ஆண்டில் 74 நிமிடத்தைக் குறைத்திருக்கின்றன.