ஒரு பொருளுக்கு ஒரு பெயர்: தமிழ் நிரலாக்க ஆவணங்களில் பெயரொருமையும் மொன்றியால் நகரின் பட்டறிவும்

முன்னுரை

வலைத்தளம் உருவாக்கும் நிரலர் தம் பணிக்கு அடித்தளமாகக் கொள்ளும் ஆயத்த நிரல் தொகுதி வலைச்சட்டகம் எனப்படும். அதனைக் கற்பார்க்கு ஆசிரியராய் அமைவது அதன் விளக்க ஆவணமே. ஓர் உறுப்பினை ஆவணம் முழுமையும் ஒரே பெயரால் வழங்குவதை இக்கட்டுரை பெயரொருமை எனக் குறிக்கிறது. தமிழ் நிரலாக்க ஆவணங்களில் இப்பண்பு குன்றுவதன் காரணத்தையும் அதற்குரிய தீர்வையும், கலைச்சொல் பணியில் நெடிய பட்டறிவுடைய கனடிய நகரமான மொன்றியாலின் துணைகொண்டு ஆராய்வது இதன் நோக்கம். அந்நகரின் பெயரே தமிழரிடையே மொன்றியால், மாண்ட்ரியல் என இருவகையாக எழுதப்படுகிறது. இங்கு முன்னையதே கொள்ளப்படுகிறது.

சிக்கலின் இயல்பு

வழங்கி, சேவையகம் ஆகிய இரண்டும் ஒரே பொருளைக் குறிப்பன. ஒரே ஆவணத்தில் இவை மாறிமாறி வருமாயின், இலக்கியப் பயிற்சியுடையார் இவற்றை ஒருபொருள் குறித்த பல சொற்கள் எனக் கொண்டு கடந்துசெல்வர். நிரல் கற்கும் மாணவரோ இருவேறு உறுப்புகள் உள்ளன எனக் கருதுவார். நிரலில் பெயர் வேறாயின் பொருளும் வேறு என்றே அவர் பயிற்றுவிக்கப்பட்டுள்ளார். மேலும், தேடல் வசதி எழுத்துகளை ஒப்பிட்டே பக்கங்களைக் காட்டுவதால், ஒரு பெயரை இட்டுத் தேடுவோர்க்கு மற்றொரு பெயரில் எழுதப்பட்ட பகுதிகள் புலப்படாமற் போகக்கூடும்.

இதன் மறுதலையும் உண்டு. நுண்செயலி முதலிய தொடர்களில் வன்பொருளைக் குறித்த ‘செயலி’, இன்று கைப்பேசியில் நிறுவப்படும் மென்பொருளையும் குறிக்கிறது. ஒரே பக்கத்தில் இருபொருளும் வரின் மயக்கம் தவிர்க்கவியலாதது. இத்தகைய தடைகள் மிகுமிடத்து மாணவர் தமிழ் ஆவணத்தைக் கைவிட்டு ஆங்கில மூலத்தை நாடுகிறார். தமிழில் நிரலாக்கம் கற்பிக்கும் முயற்சியே இதனால் நலிவுறுகிறது.

மொன்றியால் காட்டும் இரு சான்றுகள்

மொன்றியால் பல்கலைக்கழகத்தில் ‘தோம்’ எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட இயந்திர மொழிபெயர்ப்புக் குழு இயங்கியது. அதன் ஆய்வில் உருவான ‘மேத்தியோ’ அமைப்பு, 1977 முதல் ஆங்கில வானிலை அறிக்கைகளைப் பிரெஞ்சில் பெயர்த்தது. மேம்படுத்தப்பட்ட வடிவில் 2001 வரை பயன்பட்டது. அதே குழு வானூர்திப் பராமரிப்புக் கையேடுகளுக்காக மேற்கொண்ட பணியோ 1981இல் நிறுத்தப்பட்டது. வானிலை அறிக்கையின் சொற்கள் சிலவே. அவை ஒரே பொருளில் திரும்பத்திரும்ப வருவன. கையேட்டிலோ பெயர்கள் பெயர்களோடு அடுக்கித் தொடர்ந்து பொருள்மயக்கம் விளைத்தன. செலவு முதலிய பிற காரணங்களும் இருந்தன எனினும், சொல்வரம்பின் இன்றியமையாமையை இவ்விரு முயற்சிகளும் ஒருங்கே உணர்த்துகின்றன.

இரண்டாம் சான்று, 1961இல் தோன்றிய கியூபெக் பிரெஞ்சு மொழி அலுவலகத்தின் கலைச்சொல் வங்கியாகும். அது ஒரு கருத்துக்குரிய பல சொற்களையும் பதிவு செய்கிறது. ஆனால், பரிந்துரைக்கத்தக்கது, சில சூழல்களில் வழங்குவது, தவிர்க்கத்தக்கது என அவற்றைத் தரப்படுத்துகிறது. தமிழ்க் கலைச்சொல் அகராதிகள் பலவற்றில் காணப்படாதது இத்தரப்பாடே. இரண்டு மூன்று நிகர்ச்சொற்களைக் காற்புள்ளியிட்டு அடுக்குவதோடு அவை நின்றுவிடுகின்றன. தெரிவு எழுதுவோரின் அவ்வப்போதைய விருப்பத்திற்கு விடப்படுகிறது.

இம்முறையை அப்படியே தமிழுக்குக் கொள்ளுதல் இயலாது. கியூபெக் அலுவலகத்திற்கு 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டம் அரணாக உள்ளது. தமிழகம், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா எனப் பரந்துள்ள தமிழுக்கு அத்தகைய பொது அலுவலகம் இல்லை. எனவே, நாடுகளுக்கிடையே உடன்பாடு காணும்வரை காத்திராது, ஒவ்வோர் ஆவணமும் தனக்குரிய வரம்பைத் தானே வகுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

தன்குறி வழக்கம்

இதற்கு முன்மாதிரி உண்டு. 2005இல் வெளியான ஜாங்கோ என்னும் வலைச்சட்டகம், பிற சட்டகங்கள் பல ‘கட்டுப்படுத்தி’ எனக் கருதும் உறுப்பைக் ‘காட்சி’ என்றும், அவை ‘காட்சி’ என்பதை ‘வார்ப்புரு’ என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களால் வழங்குகிறது. இவ்வேறுபாட்டிற்குரிய காரணத்தை அதன் ஆவணம் விளக்கிவிட்டுத் தன் பெயர்களையே தொடர்ந்து ஆள்கிறது. பிறரோடு ஒவ்வாமை இருப்பினும் தன்னுள் முரண் இல்லை.

தமிழகப் பாடநூல் ‘இனக்குழு’ என்னும் சொல்லைப் பொருள்நோக்கு நிரலாக்கத்தின் ஓர் அடிப்படைக் கருத்துக்கு வழங்குகிறது. மானிடவியலில் வேறுபொருள் தரும் அச்சொல் குறையுடையதே. எனினும், குறையுடைய ஒரு சொல் நிலைபெற்று வருதல், நல்ல சொற்கள் மூன்று மாறிமாறி வருதலினும் கற்பார்க்குப் பயன் தரும்.

சொல் திரும்ப வருதலைக் ‘கூறியது கூறல்’ எனக் கருதி அஞ்சுவாரும் உளர். நம் உரைநடைப் பயிற்சியே அவ்வச்சத்தை வளர்த்தது. நன்னூல் கூறியது கூறலைப் பத்துக் குற்றங்களுள் வைக்கிறது; ஆயின், தான் இட்ட குறியைப் பல இடத்தும் எடுத்தாளுதலை முப்பத்திரண்டு உத்திகளுள் ஒன்றாகவும் வைக்கிறது. முன்னையது கருத்தைப் பற்றியது. பின்னையது பெயரைப் பற்றியது. ஆவணத்தில் சொல்லை மாற்றி எழுதுதல் நடையழகு ஆகாது. ‘மயங்கவைத்தல்’ என்னும் குற்றமே ஆகும்.

முடிவுரை

ஆவணத்தின் தொடக்கத்தில் பெயர்ப்பட்டியல் ஒன்று அமைதல் வேண்டும். நிரலில் உள்ள ஒவ்வோர் ஆங்கிலப் பெயருக்கும் ஒரு தமிழ்ப் பெயர் அதில் நிற்றல் வேண்டும். ஏனைய வழக்குகள் தேடுவோர்க்கு உதவும் பொருட்டு அதன்கீழ்க் குறிக்கப்படலாம். விளக்கப் பகுதியில் வரலாகா. பெயர் மாற்றப்படின் பழைய பெயரும் மாற்றத்தின் காலமும் பட்டியலில் பதிவாதல் வேண்டும். தமிழின் சொல்வளம் அகராதியில் விரிந்தும் ஆவணத்தில் வரம்புற்றும் நிற்பதே நிரல் கற்கும் தமிழ் மாணவர்க்குத் துணையாகும்.