கடன் மேசையில் கேட்ட குரல்கள்

கதாசிரியனுக்கு அன்றாடம் காட்சிகள் எங்கிருந்து கிடைக்கின்றன என்று கேட்டால், ‘உள்ளுதிப்பு’ என்ற ஒற்றைச் சொல்லோடு நகர்ந்துவிடுவது விமர்சகர் வழக்கம். எகிப்திய நாவலாசிரியர் நஜீப் மஹ்ஃபூழின் (1911–2006) வாழ்வு அவ்விடைக்குப் பொருந்தவில்லை.

நெடுங்காலம் அரசு ஊழியராக இருந்தவர் அவர். வக்ஃபு அமைச்சகத்தில் பணியாற்றுகையில், 1945இல் தாமே கேட்டுக் கெய்ரோவின் கூரி நூலகத்துக்கு மாற்றலானார். ‘கர்ளு ஹஸன்’ எனும் வட்டியில்லாக் கடன் திட்டத்துக்காக, தாம் பிறந்த ஜமாலிய்யாப் பகுதி மக்களை விசாரிப்பது அங்கே அவர் பணி. கடன் நாடி வருபவர் தம் வீட்டு நிலையைச் சொல்லியாக வேண்டும். கதை எழுதுபவனுக்கு இதைவிடப் பெரிய புதையல் ஏது?

1947இல் வெளிவந்த ‘ஸுகாக் அல் மிதக்’ நாவலில் காப்பிக்கடைக்காரர், நாவிதர், திருமணத் தரகி என எவர் பேச்சிலும் பணம் தயங்கித் தயங்கியே நுழைகிறது. நாவித இளைஞன் அப்பாஸ் பிரிட்டிஷ் படைமுகாமுக்குப் போவதும் மணமுடிக்கப் பொருள் தேடித்தான். இத்தயக்கத்தை நூல்களிலிருந்து கற்க இயலாது.

ஆயினும் நெருடுகிறது. இல்லாமையை அதிகாரியிடம் சொல்வது அமானிதம் அல்லவா? சந்துவாசிகளுள் எவரையும் இன்ன மனுதாரர் என்று சுட்ட முடியவில்லை. அவர் எடுத்துக்கொண்டது தொனியை, வரலாற்றை அன்று என்றே நான் வாசிக்கிறேன். நெருடல் முற்றிலும் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன்.

1994இல் கத்திக்குத்துக்கு ஆளாகி வலக்கை நரம்புகள் சேதமுற்றன. பார்வையும் செவியும் மங்கின. அதன்பின் அவர் எழுதியவை பெரும்பாலும் சில வரிகளேயான கனவுக் குறிப்புகள். அவற்றுக்கு எந்த மனுதாரரும் தேவைப்படவில்லை.