தோற்றவர்களுக்கான நீதிபதி

கோட்டுச்சேரிமேட்டில் வலை அறுந்த தகராறோ, படகு மோதிய நஷ்டமோ வந்தால் முதலில் கூடுவது ஊர்ப் பஞ்சாயத்துதான். அங்கே தீராதது காரைக்கால்மேட்டுக்குப் போகும். காரைக்கால் மாவட்ட மீனவ ஊர்களுக்கு அதுதான் தலைமைக் கிராமம். சட்டத்தில் இடமில்லாவிட்டாலும் இதுவும் மேல்முறையீடுதான். சோழமண்டலக் கரையில் பரம்பரை நாட்டார்கள் தீர்ப்புச் சொன்ன இடத்தில் இன்று பல ஊர்களில் ஊர்க்கூட்டம் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்தார் உட்கார்ந்திருக்கிறார்கள். இதன் பலம் கண்கூடு. நீரோட்டமும் வலையின் விலையும் அவர்களுக்குத் தெரியும், வாய்தா கிடையாது, நியாயம் தவறினால் அடுத்த முறை ஊரே மாற்றிவிடும். 1962 முதல் காரைக்காலுக்கும் உயர் நீதிமன்றமாக இருப்பது சென்னையில், ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. ஒரு கட்டுமரத் தகராறுக்காக யார் அவ்வளவு தூரம் போவார்கள்? ஆனால் தேர்ந்தெடுப்பது என்றால் பெரும்பான்மை. பெரிய வகையறாவின் கை ஓங்குவதும், பெண்களுக்கு அங்கே இடமில்லாததும், எதிர்த்தவரை ஊர்விலக்கம் செய்வதும் இந்தக் கரையில் பழைய புகார்கள். 2004 சுனாமிக்குப் பின் நிவாரணம் பல இடங்களில் பஞ்சாயத்து வழியே பங்கிடப்பட்டபோது, ஆண் துணையில்லாத பெண்கள் விடுபட்டார்கள் என்ற குரல் எழுந்தது. அப்படி விடுபட்டவள் முறையிட வேண்டிய மேலிடத்தையும் அதே ஆண்களின் கூட்டங்களே தேர்ந்தெடுத்தால் அவளுக்கு என்ன கிடைக்கும்?

நீதிபதிகளைத் தேர்தலில் தேர்ந்தெடுப்பது பற்றிய விவாதம் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. மேல்முறையீடு என்ற ஏற்பாடே ஊரிடம் தோற்றவருக்காக வந்தது. அமெரிக்காவில் 1832-இல் மிசிசிப்பி எல்லா நீதிபதிகளையும் வாக்கெடுப்புக்கு விட்டது. பிறகு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. மேற்கு வர்ஜீனியாவில் 5 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பில் தோற்ற நிலக்கரி நிறுவனத்தின் தலைவர், மேல்முறையீடு வரவிருந்த நேரத்தில், 2004 நீதிபதி தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு ஆதரவாக ஏறத்தாழ 30 லட்சம் டாலர் இறைத்தார். வென்றவர் அந்த வழக்கையே விசாரித்து, நிறுவனத்துக்குச் சாதகமான பக்கத்தில் நின்றார். அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் 5-4 என்ற கணக்கில். அயோவாவில் கதை வேறு: ஒருபால் திருமணத்தை ஏற்ற தீர்ப்புக்காக 2010 வாக்கெடுப்பில் மூன்று நீதிபதிகள் பதவியிழந்தார்கள். அங்கே கெடுத்தது வாக்காளர் கோபம். எனக்கு இதுவே அதிகம் உறுத்துகிறது. பணத்துக்காவது சட்டத்தால் கொஞ்சம் அணை போடலாம்.

நம் கொலீஜியம் மட்டும் யோக்கியமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1993 தீர்ப்பால் நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது; அதை மாற்ற நாடாளுமன்றம் கொண்டுவந்த நியமன ஆணையத்தை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மூடிய அறையில் பெயர்கள் முடிவாவதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அறை மூடியிருப்பதுதான் குறை என்றால், யாரை ஏன் எடுத்தார்கள், யாரை ஏன் தள்ளினார்கள் என்பதை எழுதி வெளியிடச் சொல்லலாம்; அதற்கு வாக்குப்பெட்டி எதற்கு? ஊர்க்கூட்டம் தேர்ந்தெடுக்கும் முறை முதல் படியில் இருந்துவிட்டுப் போகட்டும், பெண்களையும் அந்தக் கூட்டத்தில் உட்காரவைத்து. அடுத்த படியில் தீர்ப்புச் சொல்பவர் அந்த ஊரின் வாக்கை நம்பி இருக்கக் கூடாது.