கீழ்ச் சுருதிக் குழல்: எப்படித் தேர்வது, எப்படி ரசிப்பது?

திருப்பத்தூர் மாவட்டத்து நெல்லிவாசல்நாடு ஜவ்வாது மலையில் இருக்கிறது. அந்த மலைக்காட்டில் மூங்கில் வளர்கிறது. ஆனால் கனத்த குரலில் பேசும் புல்லாங்குழலை அதில் செய்துவிடலாம் என்று நினைப்பவர் ஏமாந்துபோவார். கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட காடுகளுக்கு உரியது கல்மூங்கில். அதன் சுவர் தடிப்பு, பொந்து குறுகல். சில கழிகளில் பொந்தே இருக்காது. ஏணிக்கும் பந்தற்காலுக்கும் அந்த உறுதி நல்லது. கீழ்ச் சுருதிக் குழலுக்கோ சுவர் மெலிந்திருக்க வேண்டும், கணுவுக்கும் கணுவுக்கும் இடையே நல்ல நீளம் வேண்டும். குழல் செய்பவர்கள் அசாம் மூங்கிலைத் தேடுவது அதனால்தான்.

குழலுக்குள் அதிரும் காற்றின் நீளம் இரட்டித்தால் சுரம் ஒரு ஸ்தாயி இறங்கும். அயர்லாந்து இசையில் புழங்கும் டின் விசில் சுமார் 30 சென்டிமீட்டர். அதே சுருதியில் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் லோ விசில் சுமார் 60 சென்டிமீட்டர். இந்த லோ விசில் பிறந்ததிலும் இந்திய மூங்கிலுக்குப் பங்கு உண்டு. ஐரிஷ் கலைஞர் ஃபின்பார் ஃப்யூரி பொக்கிஷமாக வைத்திருந்த இந்திய மூங்கில் குழல், இசைப் பயணம் ஒன்றில் சிதைந்துபோனது. கருவி செய்பவரான பெர்னார்ட் ஓவர்டன் அதைச் செப்பனிடப் பார்த்தார், முடியவில்லை. 1971-இல் அலுமினியக் குழாயில் புதிதாக ஒன்றைச் செய்து கொடுத்தார்.

இந்திய இசையில், வங்காளத்துப் பாரிசாலில் பிறந்த பன்னாலால் கோஷ் (1911–1960) சுமார் 32 அங்குல நீளக் குழலைக் கொண்டு இந்துஸ்தானி ராகங்களை விரிவாக வாசிக்க வழிசெய்தார். கர்நாடக மேடைக்கு நீளக் குழலைக் கொண்டுவந்தவர், புல்லாங்குழல் மேதை மாலியின் (டி.ஆர். மகாலிங்கம்) சீடர் திருவாரூர் என். ரமணி (1934–2015). மாலியின் சிறு குழலில் ஒரு ராகம், இந்துஸ்தானிக் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியாவின் நீளக் குழலில் ஒரு ராகம் என்று அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு உடனே பிடிபடும். சிறு குழலில் வேகமான பிருகாக்கள் பளிச்சென்று தெறிக்கும். நீளக் குழலில் ஒரே சுரத்தின் மேல் நிற்கும் கார்வைதான் விருந்து. சுரத்தோடு கலந்து வரும் மூச்சின் ஓசையையும், விரல் துளையை மெல்லத் திறக்கையில் ஒரு சுரம் அடுத்ததாகக் கனியும் வழியையும் காது பின்தொடர வேண்டும்.

கடையில் “3 கட்டை” என்று சொன்னால் மட்டும் போதாது. கட்டை என்பது ஆதார ஷட்ஜம் எது என்று சொல்லும். எந்த ஸ்தாயி என்று சொல்லாது. 3 கட்டையில் ஏறத்தாழ முக்கால் மீட்டர் குழலும் உண்டு, அதில் பாதி நீளமுள்ளதும் உண்டு. எனவே நீளத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் சோதனை அடிச்சுரம். எல்லா விரல் துளைகளையும் மூடி, மிக மெதுவாக ஊதிப் பார்க்க வேண்டும். நல்ல குழல் தயங்காமல் பேசும். வெறும் காற்று வந்தால் முதலில் விரல்களைச் சரிபார்க்கலாம். நீளக் குழலில் துளைகள் தள்ளித் தள்ளி இருப்பதால் விரல் நுனி எட்டாது. விரலின் நடுப்பகுதிச் சதையால் மூடுவதே வழக்கம். அப்படியும் கை வலித்தால் அந்தக் குழல் அந்தக் கைக்கு ஏற்றதல்ல. ஒரு படி மேல் சுருதியில் தொடங்கலாம்.

அடுத்தது ஸ்தாயிப் பொருத்தம். அதே விரல் அமைப்பில் சற்று அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயிச் சுரம் எழும். சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றி ஊத வேண்டும். கீழே சேர்ந்து மேலே விலகும் குழல், எவ்வளவு அழகாக நூல் சுற்றியிருந்தாலும் வேண்டாம்.

குளிரையும் கணக்கில் கொள்ள வேண்டும். காற்றின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் சுமார் 1.7 சதவீதம் கூடும். சுருதியும் அடுத்தடுத்த இரு சுரத்தானங்களின் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஏறும். மலையின் விடியற்காலைக் குளிரில் இறங்கி ஒலிக்கும் குழல் நண்பகலில் சரியாகச் சேரலாம். சில நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

வாங்கிய பிறகு முதல் சில வாரங்களுக்கு மோகனம் போதும். ஐந்தே சுரங்கள், ஒவ்வொன்றையும் ஒரு முழு மூச்சுக்கு நிறுத்தி வாசிக்கலாம். பெரிய குழல் காற்றை நிறையக் கேட்கும் என்பதால் தொடக்கத்தில் தலை சுற்றினால் நிறுத்தி, இளைப்பாறித் தொடர வேண்டும். வாசித்து முடித்ததும் உள் ஈரத்தைத் துணியால் துடைத்து, வெயில் படாத இடத்தில் வைத்தால் மூங்கில் விரிசல் விடும் வாய்ப்புக் குறையும்.