வாடிக்கை, சந்தா, பெட்டி

தொலைக்காட்சி குறித்து நமது சூழலில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி திரையைப் பற்றியது. மெகா தொடர்களில் பெண் கட்டமைக்கப்படும் விதம், செய்திகளில் சாதி மறைக்கப்படும் விதம், விளம்பரங்களின் கருத்தியல் என்று நிறையப் பேசியாயிற்று. சுவரைத் துளைத்துக்கொண்டு வீட்டுக்குள் வரும் கம்பியைப் பற்றிய பேச்சு அதில் அபூர்வம். அந்தக் கம்பியில்தான் 2017க்கும் 2019க்கும் இடையில் பட்டுக்கோட்டைப் பகுதியில் ஓர் உறவு அறுந்தது. அனலாக் கேபிள் டிஜிட்டலாக மாறியபோது ஜனங்கள் பட்ட எரிச்சலை, 'புதுசு வந்தா இப்படித்தான் முனகுவாங்க' என்று ஒதுக்கியவர்களில் முற்போக்காளர்களும் உண்டு. அந்த முனகலில் ஓர் அரசியல் இருந்தது என்பதே என் வாதம்.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். 1995ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் 2011 இறுதியில் திருத்தப்பட்டு, நாடு நான்கு கட்டங்களாகக் கூறுபோடப்பட்டது. முதலில் பெருநகரங்கள், அப்புறம் கோவை உள்ளிட்ட 38 நகரங்கள், மூன்றாவது எஞ்சிய நகர்ப்புறம், நான்காவது 'மற்றவை'. பட்டுக்கோட்டை நகராட்சி, ஆகவே மூன்றாவது. நகராட்சி எல்லையைத் தாண்டிய கிராமங்கள் நான்காவது. பலமுறை தள்ளிப்போன கெடு கடைசியில் நகரத்துக்கு 2017 ஜனவரி 31, கிராமத்துக்கு மார்ச் 31 என்று நின்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், 2012இலேயே விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த தமிழ்நாடு அரசு கேபிள் நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது 2017 ஏப்ரல் 17இல். அதாவது, கெடு முடிந்த பிறகு. மாநில அரசுகள் இந்தத் தொழிலில் இறங்கலாகாது என்பது டிராயின் நிலைப்பாடு. தில்லி ஒருபக்கம் தேதி குறிக்கிறது, மறுபக்கம் அனுமதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நடுவில் கிடந்தவர்கள் பார்வையாளர்கள். இலவசப் பெட்டி விநியோகம் அந்தச் செப்டம்பரில்தான் தொடங்கிற்று.

அரசு கேபிளையும் புனிதப்படுத்த வேண்டியதில்லை. தி.மு.க. தலைமைக்கும் மாறன் சகோதரர்களுக்கும் பிணக்கு வந்த 2007இல் அது பிறந்தது. தஞ்சாவூர் உள்ளிட்ட சில ஊர்களில் கட்டுப்பாட்டு அறை வைத்தார்கள். 2008 இறுதியில் குடும்பம் சமாதானமானதும் முடங்கியது. 2011இல் ஆட்சி மாறியதும் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தோடு எழுந்து வந்தது. ஓர் ஆட்சி வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாகக் கொடுத்தது, அடுத்த ஆட்சி பெட்டியை இலவசமாகக் கொடுத்தது. இரண்டு இலவசங்களுக்கும் நடுவே ஓடிய கம்பியின் மீது மட்டும் யாருக்கு உரிமை என்று கேட்பாரில்லை.

இனி 'டிஜிட்டல்' என்பதற்கு வருவோம். படம் துல்லியம், சேனல் அதிகம், தேர்வு உங்கள் கையில் என்பவை அதன் விளம்பர வாசகங்கள். துல்லியம் உண்மைதான். அனலாக்கில் ஒரு சேனல் பிடித்துக்கொள்ளும் இடத்தில் டிஜிட்டலில் பத்துச் சேனலைச் சுருக்கி அடைக்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் நிறுவனங்களும் அரசும் இதை இவ்வளவு வேகமாக விரும்பியதற்குக் காரணம் வேறு. அனலாக் காலத்தில் ஒரு கேபிள்காரரிடம் எத்தனை வீடு என்பது அவருக்கு மட்டுமே தெரியும். முந்நூறு வீட்டை நூறு என்று சொல்லலாம். கம்பி எண்ணாது. பெட்டி எண்ணும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயர், அதை அணைக்கவும் எழுப்பவும் எங்கோ ஒரு கணினி. 1990இல் கட்டுப்பாட்டுச் சமூகங்கள் பற்றி எழுதிய டெல்யூஸ், கத்தாரி கற்பனை செய்த ஒரு நகரத்தைச் சுட்டுகிறார். அங்கே மின்னட்டை காட்டினால் தடுப்பு உயரும். ஆனால் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணியில், அதே அட்டை மறுக்கப்படவும் கூடும். தடுப்பு அங்கே பெரிய விஷயமில்லை, ஆளின் இருப்பிடத்தைக் கணக்கு வைக்கும் கணினிதான் விஷயம். பாரிசில் எழுதப்பட்ட இந்த வரிகளுக்குப் பொழிப்புரை வேண்டுமானால் பேராவூரணிச் சாலையில் ஏதாவதொரு வீட்டில் பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்தால் போதும்.

எண்ணப்படாமல் இருந்ததில் ஜனங்களுக்கு என்ன ஆதாயம்? கடன். டெல்டாவில் காசுக்குப் பருவம் உண்டு. கல்லணைக் கால்வாயின் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்து, நட்டு, அறுத்து, நெல் போட்ட பிறகுதான் மளிகைக்கடைக்கும் உரக்கடைக்கும் பாக்கி தீரும். கேபிள் காசும் அந்த வரிசையில் நின்றது. "அறுப்பு முடியட்டும் தம்பி, சேத்துத் தாறேன்" என்றால் கேபிள்காரர் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். 'வாடிக்கை' என்ற சொல்லுக்கு நம்மிடம் உள்ள அர்த்தம் இதுதான்: முகம் தெரிந்த, தவணை கேட்கக்கூடிய, சண்டை போட்டாலும் மறுநாள் தொடரக்கூடிய உறவு. டிஜிட்டல் அதைச் 'சந்தா' ஆக்கியது. முன்பணம் கட்டினால் படம், கட்டாவிட்டால் இருட்டு. மேலிடத்தில் தன் கணக்கில் பணம் வைத்தால்தான் கேபிள்காரராலும் பெட்டியை எழுப்ப முடியும். அவருக்கே தவணை கிடையாது, அவர் யாருக்குத் தருவார்?

கெட்டுப்போவதிலும் இரண்டு விதம் உண்டு. அனலாக்கில் வரிசையின் கடைசி வீட்டுக்குப் படம் புள்ளிபுள்ளியாக வரும். கடைமடைத் தண்ணீர் மாதிரி, கொஞ்சமாக, கலங்கலாக. ஆனால் வரும், குரலாவது கேட்கும். டிஜிட்டலில் ஒரு வரம்புவரை பளிச்சென்று இருக்கும், வரம்புக்குக் கீழே போனால் கட்டம்கட்டமாக உடைந்து நின்றுவிடும். அரைகுறைக்கு அங்கே இடமில்லை. கடைமடைக்காரர்களுக்கு இதில் வந்த கோபம் தொழில்நுட்ப அறியாமையா என்ன?

2019 பிப்ரவரி 1 அன்று டிராயின் புதிய கட்டணமுறை நடைமுறைக்கு வந்தது. நூறு சேனல் கொள்ளளவுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்குத் தனிக் காசு. நூறில் தூர்தர்ஷனின் சுமார் 25 கட்டாயம். மீதியை 'நீங்களே தேர்ந்தெடுக்கலாம்'. தேதியைக் கவனியுங்கள். கஜா புயல் கரை கடந்தது 2018 நவம்பர் 16. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்தில் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது, மின்கம்பங்களோடு கேபிளும் போயிற்று, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. கூரைக்குத் தார்ப்பாய் போட்டு இரண்டரை மாதம் ஆகியிருந்தபோது, வீட்டுக்கு வீடு சேனல் பட்டியல் வந்தது, டிக் அடிக்கச் சொல்லி. "முன்னாடி எழுவது ரூவாய்க்கு எல்லாந் தெரிஞ்சுது, இப்ப எது வேணும்னு என்னையக் கேட்டுட்டு அதுக்கும் காசு கேக்குறான்" என்று ஒரு பெரியம்மா சொன்னதைவிடத் தேர்வு என்னும் சொல்லாடலைக் கூர்மையாகக் கட்டுடைத்த கட்டுரை எதையும் நான் வாசித்ததில்லை. பெரும்பாலோர் டிக் அடிக்கவில்லை. தொகுப்பை மேலே இருப்பவர்களே கட்டி அனுப்பினார்கள்.

இன்னொரு இழப்பு உள்ளூர் சேனல். நாடியம்மன் கோயில் திருவிழா, காதுகுத்து வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, நகராட்சித் தண்ணீர்ப் பிரச்சினை எல்லாம் கலந்து ஓடிய ஒரு கந்தல் சேனல் அது. அனலாக்கில் கேபிள்காரர் தன் அறையிலிருந்தே ஓர் அலைவரிசையில் அதைச் செருகிவிடலாம். டிஜிட்டலில் சமிக்ஞை கட்டுப்பாட்டு அறையிலேயே பூட்டப்பட்டு வருகிறது. இடம் வேண்டுமானால் மேலிடத்தில் காசு கட்டி வாங்க வேண்டும், சின்ன ஆட்கள் நின்றுபோனார்கள்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. கேபிள் தொழில் யார் கையில் இருந்தது, யாருடைய திருவிழா முழுதாக ஓடியது, எந்தத் தெருவின் கொடை அரை மணியில் முடிந்தது என்பதிலெல்லாம் சாதி வேலை செய்தது. அடாவடிக் கேபிள்காரர்களும் இருந்தார்கள். ஆனால் அவர் அலுவலக வாசலில் பத்துப் பேர் போய் நின்று கேட்க முடிந்தது, கேட்டிருக்கிறார்கள். அதிகாரத்துக்கு அங்கே ஒரு வாசல் இருந்தது. 2022 நவம்பரில் மென்பொருள் தந்த தனியார் நிறுவனத்தோடு ஏற்பட்ட தகராறில் அரசு கேபிளின் லட்சக்கணக்கான பெட்டிகள் ஒரே நாளில் இருண்டன. ஏசு வாங்கியவர்கள் கேபிள்காரர்கள்தாம். அவர்களுக்கும் காரணம் தெரியாது. எந்த வாசலுக்குப் போவது?

பட்டுக்கோட்டை என்றதும் நாம் சொல்லிக்கொள்ளும் இரண்டு பெயர்கள், சுயமரியாதை மேடையின் அழகிரியும் சினிமாப் பாட்டின் கல்யாணசுந்தரமும். தம் காலத்தின் ஊடகம் எங்கே கிடந்ததோ அங்கே போய் நின்றவர்கள் இருவரும். நம் தோழர்களும் கலை இலக்கிய இரவுகளை உள்ளூர் சேனலில் ஓட்டக் கொடுத்தார்கள். தொடருக்குக் காத்திருந்த வீடுகள், வேறு வழியில்லாமல், பறையாட்டத்தையும் பேச்சையும் கொஞ்சநேரம் பார்த்தன. இப்போது அதே நிகழ்ச்சி கைபேசியில் ஏறுகிறது. பார்ப்பவர்கள் ஏற்கெனவே நம்மோடு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்.